இன்னொரு லோடு

செத்தவர்கள்தான் வந்து பிடித்துக்கொள்வார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். என்னைப் பிடித்திருக்கிறவள் உயிரோடு இருக்கிறாள். அவள் ஊர் போடியிலிருந்து டவுன்பஸ் போகிற தூரம்தான். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறாள். ஆனாலும் நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் காலை முதல் மணி அடித்ததும் என் கண் தானாக வாசல் கேட்டுக்குப் போகிறது. அவள் வந்துவிட்டாளா என்று பார்க்கிறது. இத்தனைக்கும் அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருநாள்கூடக் காலெடுத்து வைத்ததில்லை.

பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்குப் பிடிக்காது என்பது ஒரு காரணம். சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவாளோ என்று எனக்கு ஒரு பயம் இருப்பது இன்னொரு காரணம்.

நாங்கள் சேர்ந்து பி.எட். படித்தோம். என் வீடு போடி கடைவீதியில். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. கல்லூரிக்கு ஒரே பஸ், அதிலும் நான் பாதி நாள் பிரார்த்தனை முடிந்த பிறகுதான் போய்ச் சேருவேன். அவள் பொட்டிபுரம் பக்கம் மலையடிவாரக் கிராமம். இரண்டு பஸ் மாற வேண்டும். நான் மூச்சிரைக்க ஓடி வரும்போது அவள் முதல் பெஞ்சில் தலை கலையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"ஓடுனா வேர்க்கும்டி. வேர்த்தா மொகங் கழுவணும். அதுக்கு ஒரு நேரம் வேணும். அப்பறம் ஓடி என்ன புண்ணியம்?" என்பாள்.

பி.எட். படித்தவர்களுக்குத் தெரியும், அது படிப்பு இல்லை, எழுத்துவேலை. பாடத்திட்ட ரெக்கார்டு, உளவியல் ரெக்கார்டு, ஆல்பம், சார்ட்டு என்று வருசம் பூராவும் சேர்ந்துகொண்டே போகும். என்னைப் போன்றவர்கள் கடைசி வாரத்தில் சித்தி மகள், மாமா மகன், எதிர்வீட்டு டியூசன் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி வைத்து எழுதி முடிப்போம். நாலு விதமான கையெழுத்தில் ரெக்கார்டு சமர்ப்பித்த பெருமை எனக்கு உண்டு. அவள் உலையில் அரிசி வேகிறதுக்குள் ஒரு பக்கம், பஸ் வருகிறதுக்குள் ஒரு சார்ட்டுக்குக் கோடு என்று முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் என் சார்ட்டுக்கும் பார்டர் போட்டுக் கொடுப்பாள்.

படிக்கிறதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. பாடத்தைத் தானே சத்தமாக வாசித்து போனில் பதிவு செய்துகொள்வாள். சனி, ஞாயிறு வந்தால் அவளும் அவள் அம்மாவோடு ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவாள். கேரளா பக்கத்து எஸ்டேட். அங்கே தலைத்துண்டுக்குள் ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, செடித்தூரில் குனிந்து காய் எடுத்தபடியே தன் குரலிலேயே பாடம் கேட்பாள். முற்றின காயாகப் பார்த்துக் கை எடுக்கும், காது உளவியல் படிக்கும். பக்கத்து நிரையில் எடுக்கிற பேச்சியக்காவுக்கு இது பெரிய வேடிக்கை. நாய்க்கு மணியடித்துச் சோறு வைத்துப் பழக்குகிற பாடம் ஒன்று உண்டல்லவா, அது பேச்சியக்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

"ஏ புள்ள, அந்த இன்னொரு காது வயர எங்கிட்டக் குடு. நாயும் மணியும் கதையப் போடு" என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுமாம். கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி காலேசாக்கும்? எங்க வீட்டுக்காரரு வண்டிச் சத்தங் கேட்டாலே எனக்குக் கொழம்பு சட்டிக்குக் கை போகுது. அப்ப நாந்தான் நாயா?" என்று சொல்லித் தோட்டமே சிரிக்குமாம். திங்கட்கிழமை அவள் எங்களிடம் வந்து பேச்சியக்கா மாதிரியே பேசிக் காட்டுவாள். நாங்கள் யாரும் பேச்சியக்காவைப் பார்த்ததில்லை, ஆனாலும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பேச்சியக்கா பழக்கம்.

எங்கள் வீட்டுக்கு ஒருநாள் வந்திருந்தாள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் முன்னால் ஓடும். கடையை நேரத்தோடு திறக்க வேண்டும் என்று அப்பா அப்படித் தள்ளி வைத்திருந்தார். தள்ளி வைத்தது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதை மதித்ததில்லை. காபியைக் குடித்து முடித்தவள் நாற்காலியைப் போட்டு ஏறி, அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். அப்பா கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "யாரும்மா நம்ம வீட்டு நேரத்துல கைய வச்சது?" என்றார்.

"நாந்தாம்ப்பா. பொய் சொல்ற கடிகாரத்த வச்சுக்கிட்டு எப்பிடிக் கட தெறப்பீக?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தப் புள்ள டீச்சரா வந்தா அந்தப் பள்ளிக்கூடம் உருப்பட்டுரும்" என்றார். மறுநாளிலிருந்து அப்பா கடையை நேரத்துக்குத் திறந்தார் என்பதுதான் எனக்கு எரிச்சல். நான் வருசக்கணக்காகச் சொல்லி நடக்காத காரியம்.

ஏன் அவளுக்கு இந்தக் கிறுக்கு என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். பஸ்ஸ்டாண்டில் இருந்தோம். நான் வடை தின்றுகொண்டிருந்தேன், அவள் என் பங்குக்கும் சேர்த்து சார்ட்டு சுருட்டிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா மொகத்த நான் பகல்ல பாத்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா?" என்றாள். அவள் அம்மா விடிவதற்கு முன்னால் தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறிவிடுவார். இறங்கும்போது இருட்டிவிடும். அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். "நாயித்துக்கெழம கூடப் போனா மட்டும் பாக்கலாம். அங்கயும் குனிஞ்சே கெடப்பாக. மூஞ்சி எங்க தெரியுது? நா வெரசா வேலைக்குப் போயி அம்மாவ அந்த ஜீப்ப விட்டு எறக்கிப்புட்டேன்னு வையி, அப்பறம் நானும் ஒன்ன மாதிரி லேட்டா வருவேன்."

நான் வடையை விழுங்கினேன். எனக்கு என் அம்மாவின் முகம் பகலில் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

கல்லூரியில் ஒருமுறை நேர மேலாண்மை பற்றிப் பேச ஒருவரை வரவழைத்தார்கள். வருங்கால ஆசிரியர்கள் நேரத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று தலைப்பு. பேச வந்தவர் தாமதமாக வந்தார், வழியில் ரயில்வே கேட் போட்டுவிட்டார்களாம். நாங்கள் பின் பெஞ்சில் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. மனிதர் மோசமாகப் பேசவில்லை. முக்கியமானதை முதலில் செய், சின்ன வேலைகளைச் சேர்த்துச் செய், போனைத் தள்ளி வை என்றெல்லாம் சொன்னார். கடைசியில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றபோது இவள் எழுந்தாள்.

"சார், இப்பிடி மிச்சம் புடிக்கிற நேரத்த என்ன செய்யணும்?"

அவருக்குக் கேள்வியே பிடிபடவில்லை. "இன்னும் கூடுதலா வேல செய்யலாமேம்மா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வரும்போது, "அப்ப அது மிச்சமே இல்லையேடி" என்றாள். எனக்கு அப்போது அது ஒரு பேச்சாகவே படவில்லை. இப்போது படுக்கையில் புரளும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

ஜீப் விசயத்துக்கு வருகிறேன். அவர்கள் ஊர் ஜீப் காலையில் தெருத்தெருவாக வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்து நிற்கும். ஒருத்தி அப்போதுதான் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பாள். ஒருத்தி பிள்ளைக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பாள். இன்னொருத்தி ஏறின பிறகு வெத்திலைப் பையை மறந்துவிட்டேன் என்று இறங்குவாள். இப்படி ஊருக்குள் தொலைத்த நேரத்தையெல்லாம் டிரைவர் மலையில் எடுப்பார். போடிமெட்டு வளைவுகளில் ஜீப் ஒருபக்கமாகச் சாயும்போது பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவார்கள். தோட்டத்துக்குத் தாமதமாகப் போனால் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லவும் யாருக்கும் வாய் வராது.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வீடு வீடாகப் போய்ப் பேசினாள். இனிமேல் ஜீப் தெருவுக்குள் வராது, எல்லோரும் தண்ணித்தொட்டிப் பக்கம் வந்து நிற்க வேண்டும், வண்டி வந்ததும் ஏறிக் கிளம்ப வேண்டும். சொல்வதற்கு எளிது. பேச்சியக்காதான் முதலில் மல்லுக்கு நின்றது. "நான் என்ன கலெக்டரா, நேரத்துக்கு வந்து நிக்க?" என்றது. பிறகு அதே பேச்சியக்கா முன்கூட்டியே வந்து தண்ணித்தொட்டியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களை, "வா தாயி, மகாராணிக்கு இப்பத்தான் விடிஞ்சுச்சா?" என்று கேட்க ஆரம்பித்தது. அதற்குப் பயந்தே எல்லோரும் நேரத்துக்கு வந்தார்கள்.

ஊருக்குள் தொலைந்த நேரம் மிச்சமானது. ஜீப் மலையில் நிதானமாக ஏறியது. டிரைவர் அண்ணனே அவளிடம், "பாப்பா, இப்பத்தான் நான் மலையவே பாக்குறேன்" என்று சொன்னாராம். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. எங்களுக்கு அன்று கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தாள். அவள் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கொஞ்ச மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை வந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"ஜீப்பு திரும்ப வெரட்டுதுடி" என்றாள்.

"ஏன்? பொம்பளைங்க பழையபடி லேட்டா?"

"இல்ல. எல்லாரும் நேரத்துக்குத்தான் வர்றாக."

ஜீப் அந்த டிரைவருடையது இல்லை. முதலாளி வேறு. வண்டி இப்போது முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதை முதலாளி கவனித்துவிட்டார். இவர்களை இறக்கிவிட்டுக் கீழே வந்து பக்கத்து ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு இரண்டாவது லோடு அடிக்கச் சொல்லிவிட்டார். மலையில் மூட்டமாக இருக்கிறது என்று டிரைவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "நேரந்தான் கெடக்குல்ல, அத வச்சு என்ன பண்ணப் போற?" என்று கேட்டிருக்கிறார் முதலாளி.

இவள் நேராக முதலாளி வீட்டுக்கே போய்விட்டாள். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட இவளுக்கு நல்லதாகப் போயிருக்கும். உட்காரவைத்துக் காபி கொடுத்திருக்கிறார். "ஒன்னாலதான் ஆத்தா இன்னொரு லோடு கூடுது. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அவள் மறுபடி வீடு வீடாகப் போனாள், இந்தத் தடவை தலைகீழாகப் பேச. பழையபடி தாமதமாகவே கிளம்புவோம், அவருக்கு இரண்டாவது லோடுக்கு நேரம் இல்லாமல் செய்வோம் என்றாள். பேச்சியக்கா கேட்டது: "நாம லேட்டாப் போனா அவன் ரெண்டாவது லோட விட்ருவானா? அதுக்கும் சேத்துல்ல ஆக்சிலேட்டர மிதிக்கச் சொல்லுவான்?" அது சரிதான். பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க அவளால் முடிந்தது. பிடித்ததைத் திரும்பத் தொலைக்க முடியவில்லை.

அப்புறம் மழைக்காலம் முடிந்து மூட்டம் இறங்குகிற ஒரு காலையில், மெட்டு தாண்டி எஸ்டேட் மண்ரோட்டுச் சரிவில் ஜீப் புரண்டது. பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தபோது அவளுக்குப் போன் வந்தது. நானும் அவளும் ஒரு ஆட்டோவைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோக்காரரிடம் அவள், "மெதுவாப் போங்கண்ணே" என்றாள்.

அவள் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பேச்சியக்காவும் இன்னொரு பெண்ணும் இறந்துபோயிருந்தார்கள். நான் பேச்சியக்காவை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். போர்த்தியிருந்தார்கள், கால் மட்டும் தெரிந்தது. காலில் அட்டை கடிக்காமலிருக்கப் போட்ட புகையிலைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. அவ்வளவு சிரிக்க வைத்த மனுசியை இப்படியா பார்க்க வேண்டும் என்று நான் அழுதேன். அவள் அழவில்லை. கை ஒடிந்து கட்டுப்போட்டிருந்த டிரைவர் அண்ணனிடம் போனாள்.

"மொத லோடா அண்ணே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "மொத லோடுதான் பாப்பா. ரெண்டாவதுக்கு ஆளுக கீழ காத்துக்கெடந்தாக."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். டிரைவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவளையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கொடுமை. துக்கம் விசாரிக்க நான் போயிருந்தபோது ஊர்ப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். "ஒன்னாலதான் ஆத்தா அம்புட்டு நாளாச்சும் பயமில்லாமப் போனோம்" என்றார்கள். பேச்சியக்காவின் புருசன் வந்து, "அவ ஒன் நாய்க் கதையச் சொல்லித்தான் தெனமும் சோறு போடுவா" என்று சொல்லிவிட்டு விம்மினார். ஒருத்தராவது மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவளும் பதிலுக்கு அழுதிருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கல்லூரிக்கு வந்தது அவள்தானா என்றே எனக்குச் சந்தேகம். எப்போதும் கட்டியிருக்கும் கைக்கடிகாரம் இல்லை, அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ஒருநாள் பஸ்ஸ்டாண்டில் அவள் ஊர் பஸ் வந்து நின்று, கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஏண்டி ஏறவில்லை என்று கேட்டேன். "நிக்க எடமில்ல" என்றாள். பஸ் காலியாகப் போனதை நான் பார்த்தேன். அடுத்த பஸ்ஸையும் விட்டாள். எனக்கு அவள் பக்கத்தில் நிற்கவே பயமாக இருந்தது.

அவள் வீட்டுக்கு நான் அடிக்கடி போனேன். வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு அம்மாவை வெயிலில் படுக்க வைத்திருப்பாள். அவள் அம்மாதான் என்னிடம் சொன்னார்: "நாள் பூராவும் எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா தாயி. எனக்கே கூச்சமா இருக்கு. போயிப் படிக்கச் சொல்லு. இவ பரிச்சையக் கோட்ட விட்டா அப்பறம் நா எதுக்கு இம்புட்டு நாளு மல ஏறுனேன்?"

அதற்காகத்தான் அவள் செய்முறைத் தேர்வுக்கு வந்தாள் என்று நினைக்கிறேன். அதில் தவறினால் ஒரு வருசம் போய்விடும். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், நாம் நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். அவளுக்கு விழுந்திருந்தது கணக்கு, எட்டாம் வகுப்பு, வேகம் – நேரம் – தூரம். எங்கள் கணக்குப் பேராசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு தலைப்பு மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "வேணாம் மேடம்" என்றிருக்கிறாள்.

மலையடிவாரப் பள்ளிக்கூடம் அது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஜீப்பில் போகிறவர்கள். நான் பார்வையாளராகப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் கரும்பலகையில் ஒரு வண்டியை வரைந்தாள், ஒரு தூரத்தைப் போட்டாள். இந்த வேகத்தில் போனால் எவ்வளவு நேரம், அந்த வேகத்தில் போனால் எவ்வளவு நேரம், மிச்சம் எவ்வளவு என்று கேட்டாள். பிள்ளைகள் போட்டார்கள், சரியான விடை வந்தது. அதோடு பாடம் முடிந்தது. அவள் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். தேர்வாளர் பேனாவை மூடப்போனார்.

"மிச்சம் வந்த நேரத்துல அந்த வண்டி என்ன செய்யும்?" என்று கேட்டாள்.

இது புத்தகத்தில் இல்லை. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நிக்கும் டீச்சர்" என்றான் ஒருவன். "டிரைவரு டீ குடிப்பாரு" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து, "இன்னொரு லோடு அடிக்கும் டீச்சர்" என்றது.

வகுப்பில் சிரிப்பு நின்றது. அவள் திரும்பி, விடைக்குக் கீழே 'இன்னொரு லோடு' என்று எழுதினாள். மணி அடித்தது.

தேர்வாளர் நல்ல மனுசன்தான், ஆனால் அவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. "இதுல கற்றல் விளைவு என்னம்மா?" என்று கேட்டார். "பிள்ளைகளுக்குத் தெரியுது சார்" என்றாள். அவர் தேர்ச்சி மதிப்பெண் மட்டும் போட்டார். முதல் மதிப்பெண் வாங்க வேண்டியவள்.

அவள் ஆசிரியை ஆகவில்லை. தகுதித் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகும் காத்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் கூப்பிட்டார்கள், கொஞ்ச நாள் போனாள். அங்கே கொடுப்பதைவிட மலையில் காய் எடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்பது போடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு மருந்துச் செலவு இருந்தது. அவள் ஜீப்பில் ஏறிவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நேரே அவள் ஊருக்குப் போய், தண்ணித்தொட்டிப் பக்கம் அவளைப் பிடித்து நிறுத்தி, "இதுக்காடி படிச்ச? அம்மாவ எறக்கிட்டு நீ ஏறிக்கிட்டயா?" என்று கேட்டேன்.

"அம்மா எறங்கியாச்சுல்ல" என்றாள்.

அவள் ஏறியது அதே டிரைவர் ஓட்டுகிற வண்டி. கை சரியான பிறகு அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை, கொடுத்தாலும் ஏற ஆள் இல்லை. இவள்தான் இன்னொரு முதலாளியிடம் பேசி, ஒரே லோடு, அதற்கு மேல் இல்லை என்று கறாராக ஒத்துக்கொள்ள வைத்து, அவரை ஓட்டக் கூப்பிட்டிருக்கிறாள். "ஒனக்கென்ன பைத்தியமா, அந்த ஆளு வண்டியிலயா?" என்றேன். "விழுந்து எந்திரிச்சவருதான்டி மெதுவா ஓட்டுவாரு. மத்தவுகளுக்கு இன்னும் தெரியல" என்றாள். தினமும் முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாளாம். பேச மாட்டாளாம். ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவாளாம். அவள் உட்கார்ந்திருக்கும்போது காலை அழுத்தவே தனக்கு வராது என்று டிரைவர் ஊரில் சொல்லியிருக்கிறார். அவருக்கு அவளைக் கண்டால் பயம். எனக்கும்தான்.

"தகுதித் தேர்வுக்காச்சும் படிக்கிறயா?" என்று கேட்டேன்.

"சோலி கெடக்குடி, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, வருசங்கள் ஓடிவிட்டன. போன மாதம் ஒரு சனிக்கிழமை, நாத்தனார் வீட்டு விசேசத்துக்கு மூணார் பஸ்ஸில் மெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். காலை நேரம். பாதி மலையில் பஸ் ஊர ஆரம்பித்தது. முன்னால் ஒரு ஜீப் போய்க்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் நாங்கள், எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை. எங்கள் டிரைவர் விடாமல் ஹார்ன் அடித்தார். "எவன்டா இவன், பொணந் தூக்கிட்டுப் போறவன் மாதிரி போறான்!" என்றார். பஸ்ஸே சிரித்தது. "அந்த வண்டி தெனமும் இப்பிடித்தான்ணே" என்றார் கண்டக்டர். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தேன்.

ஒரு வளைவில் ரோடு கொஞ்சம் அகலமானது. ஜீப் ஓரம் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழி விட்டது. பஸ் ஹார்ன் அடித்தபடி பக்கத்தில் மெல்ல நகர்ந்தது. நான் ஜன்னலில் இருந்தேன். ஜீப்பின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. நெருக்கி உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியில் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு. எனக்குத் தெரிந்து அந்த மலையில் வேலைக்குப் போகிற ஜீப்பில் யாரும் தூங்கிப் பார்த்ததில்லை.

முன்சீட்டில் அவள் இருந்தாள். தலையில் துண்டு. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் எங்கள் பஸ் சத்தத்துக்குத் திரும்பினாள். என்னை நேராகப் பார்த்தாள். பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தேன். என்னைத் தெரிந்த மாதிரி அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. பஸ் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள், கடைசியில் எங்கள் டிரைவரைப் பார்த்தாள். சுட்டுவிரலை எடுத்து உதட்டின் மேல் வைத்தாள்.

எங்கள் டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுத்துவிட்டார். பஸ்ஸில் பேசிக்கொண்டிருந்தவர்களும் அடங்கிவிட்டார்கள். ஜீப்பைத் தாண்டி அடுத்த வளைவு திரும்புகிற வரைக்கும் யாரும் பேசவில்லை.